நாவுக்கரசின் கல்யாணப் பிகில்

பினாங்கு போலீஸ் பாராக்கில் திருநாவுக்கரசைவிடக் குறைவாகப் பேசியவர் யாரும் இல்லை. அவரைவிட அதிகமாகச் சத்தம் போட்டவரும் யாரும் இல்லை. விடியுமுன் பாராக் முழுவதையும் எழுப்புவது அவருக்குச் சர்க்கார் கொடுத்த வேலை. அவரை எழுப்புவது, யாரும் கொடுக்காமலே அவர் மனைவி புஷ்பவள்ளி எடுத்துக்கொண்ட வேலை. "என்னங்க, ஊரை எழுப்ப நேரமாச்சு, நீங்க மொதல்ல எந்திரிங்க" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்காமல் விட்டிருந்தால், பினாங்கு ஜார்ஜ் டவுனின் சட்டமும் ஒழுங்கும் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கும்.

அவர் ஊதியது பிகில். இன்றைக்குப் பிகில் என்றால் வாயில் விரலை வைத்து அடிக்கிற சீட்டி என்றாகிவிட்டது. அன்றைக்கு அது தோளில் பச்சைக் கயிற்றில் தொங்கும் செம்புக் குழல், பித்தளை வாய். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. வெகு காலத்துக்கு முன் இங்கிலீஷ்காரர்கள் ஊரில் காட்டுக்காளைக்கு அதுதான் பெயராம். காளையின் கொம்பை எடுத்து ஊதினார்கள். காளை போய்விட்டது, பெயர் குழலில் ஒட்டிக்கொண்டது. அத்தோடு விட்டார்களா? துரைசானிகளின் உடுப்பில் வைத்துத் தைக்கும் குழாய் மாதிரியான கண்ணாடி மணிக்கும் அதே பெயர். தரையோடு படரும் ஒரு நீலப் பூச்செடிக்கும் அதே பெயர். உலகத்தில் பாதியைத் தாராளமாக வளைத்துப் போட்டவர்கள், சொல் விஷயத்தில் மட்டும் இவ்வளவு சிக்கனம். புஷ்பவள்ளிக்கு இந்தப் பூர்வீகம் எதுவும் தெரியாது. ஆனால் ஓர் அதிகாரியின் மனைவி கழித்துப் போட்ட உடுப்பிலிருந்து அந்தக் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, மகள் ஜெயலெட்சுமியின் கல்யாண ரவிக்கைக்கென்று வைத்திருந்தாள்.

பிகிலில் துளை கிடையாது, கட்டை கிடையாது. உதட்டை இறுக்கினால் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். ஆக மொத்தம் ஐந்து சுரம். "அஞ்சு சொரத்துக்குச் சர்க்கார் சம்பளமா? நான் ராத்திரி பூரா தோடி வாசிச்சாலும் ஒரு தேங்காமூடிதானே தர்றாங்க!" என்று ஒரு நாயனக்காரர் ஒருமுறை அங்கலாய்த்தார். அந்த ஐந்து சுரத்தை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பாராக் நடந்தது. எழுந்திரு என்பதற்கு ஓர் ஊதல், சோற்றுக்கு ஓர் ஊதல், தீப்பிடித்தால் ஓர் ஊதல். எல்லாவற்றுக்கும் கடைசியாக, இரவில் கதவடைக்கும் நேரத்துக்கு ஒன்று. நீண்டு, இழுத்து, உயரப் போய் நின்று, மெல்ல இறங்கும். பாராக்கில் அதற்குக் கடைசி ஊதல் என்று பெயர். மாத்தா ஒருவர் இறந்துபோனால் குழிமேட்டிலும் அதையேதான் ஊதுவார்கள். மாத்தா என்றால் பினாங்கில் போலீஸ்காரர்.

வினை பெரியகருப்பன் வீட்டில் ஆரம்பித்தது.

பெரியகருப்பன் துறைமுகத்தில் ஆள் வைத்துச் சரக்கு இறக்கும் கண்டிராக்டர். ஐரோப்பாவில் சண்டை முடிந்த வருஷம் மகனுக்குக் கல்யாணம் வைத்தார். நாயனக்காரர்கள் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரவேண்டும். அன்றைக்குப் பார்த்துக் கடலில் காற்று; படகு எதுவும் கிளம்பவில்லை. முகூர்த்தம் மட்டும் யாரையும் எதிர்பாராமல் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.

கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டுவது எப்படி? அது சங்கீதத்துக்காக ஏற்பட்டதில்லை. அந்த நேரத்தில் யாராவது தும்மிவிட்டால், பிள்ளை ஒன்று வீறிட்டால், யாரோ ஒருவர் வாய் தவறி வேண்டாத வார்த்தையைச் சொல்லிவிட்டால், அந்த அபசகுனம் மணமக்கள் காதில் விழக்கூடாது. அதற்குச் சத்தம் வேண்டும். பந்தலில் சத்தத்துக்கென்று இருந்தவர் ஒருவர்தான். வேலையிலிருந்து நேராக வந்து, தோளில் பிகிலோடு பந்தியை எதிர்பார்த்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"யோவ் அரசு, ஊதுய்யா!" என்றார் பெரியகருப்பன்.

"எதை ஊதுறதுங்க?"

"என்னத்தையாச்சும் ஊதுய்யா. நெதானமா, கம்பீரமா இருக்கணும். தொரை வீட்டுக் காரியம் மாதிரி!"

திருநாவுக்கரசு மனசுக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். எழுந்திரு ஊதல் ஆளை விரட்டுகிற மாதிரி இருக்கும். சோற்று ஊதல் நொண்டியடித்து விளையாடுகிற மாதிரி இருக்கும். தீ ஊதல் பேச்சுக்கே இடமில்லை. நிதானமும் கம்பீரமும் உள்ளது ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு அதை ஊதினார். அபசகுனத்தை அமுக்குவதற்காக, இங்கிலீஷ் மகாராஜா ராஜ்ஜியம் முழுவதிலும் அதைவிடப் பெரிய அபசகுனம் இல்லாத ஒன்றை ஊதினார்.

பந்தல் அடங்கிப்போயிற்று. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "வெள்ளக்காரன் கல்யாணத்துல ஊதுறது போலருக்கு. என்னமா நெஞ்சைப் புடிக்குது!" என்றார் ஒருவர். திருநாவுக்கரசு ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாத மனிதர்கள் செய்கிற தப்பெல்லாம் இந்த ரகம்தான்.

ஒரு வருஷத்துக்குள் பெரியகருப்பனுக்கு இரட்டைப் பேரன்கள் பிறந்தார்கள். சரக்கு இறக்கக் கூடுதலாக ஒரு தொங்கான் படகும் வாங்கினார். இரண்டுக்கும் காரணம் பிகில் என்று அவரே துறைமுகம் முழுக்கச் சொன்னார். அப்புறம் கேட்கவேண்டுமா? தண்ணீர்மலையிலிருந்து கெலுகோர் வரை எந்தத் தமிழன் பெண்ணைக் கட்டிக் கொடுத்தாலும், தேதி குறிக்குமுன் பாராக்குக்கு ஆள் வந்துவிடும். பிகில் ஓய்ந்த பிறகுதான் கெட்டிமேளம், அப்புறம்தான் மூன்று முடிச்சு என்று முறையும் உண்டாகிவிட்டது. மாப்பிள்ளைகள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரமும் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். முடியாது என்று திருநாவுக்கரசு ஒரு தரம் சொன்னால் ஏன் என்று சொல்லவேண்டும். ஏன் என்று சொன்னால் பெரியகருப்பன் வீட்டுக்கு எப்படிப் போவது? ஆகவே ஊதினார்.

பாராக்கில் யாரும் காட்டிக்கொடுக்கவில்லையா என்றால், அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்களும் மலாய்க்காரர்களும். துறைமுகத் தமிழர் கல்யாணத்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை. காட்டிக்கொடுத்தது அவருடைய மனசுதான். ஊதிய ஒவ்வொரு கல்யாணமும் அவர் நெஞ்சில் ஒரு குழிமேடாக ஏறி உட்கார்ந்தது. விடுப்பு நாள் வந்தால் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். "எல்லாரும் சௌக்கியந்தானே? காய்ச்சல் ஏதும் இல்லியே?" என்பது ஒன்றுதான் கேள்வி. கெலுகோரில் ஒரு பெண்ணுக்கு இருமல் என்று கேள்விப்பட்டு, பனங்கற்கண்டும் மிளகும் வாங்கிக்கொண்டு மழையில் நடந்தே போனார். மாரியம்மன் கோயிலில் ஜோடிக்கு ஒன்றாக அவர் உடைத்த தேங்காயில் அந்தத் தெருவே சட்னி அரைத்தது. "பெத்த தகப்பன்கூட இப்பிடி வந்து பாக்கமாட்டான்" என்று ஊர் உருகியது. குற்றவுணர்ச்சியை அன்பு என்று எடுத்துக்கொள்வதில் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாளாக நாளாக அது உண்மையில் அன்பாகவே ஆகிப்போனது அவருக்கே தெரியாது.

இப்படியாக வருஷங்கள் ஓடி, ஜெயலெட்சுமிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை சோமசுந்தரம், புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் குமாஸ்தா. பேச வந்தது அவன் தாயார் மீனாட்சி. கூடவே அவள் கணவரும் வந்திருந்தார். ஆனால் அவர் பேசும் பொறுப்பை வெகு காலத்துக்கு முன்பே மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவர்.

"நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம் அண்ணே, நாங்க வாய் தெறக்க மாட்டோம்," என்று வாயைத் திறந்தாள் மீனாட்சி. "ஆனா பிகில் மட்டும் கண்டிப்பா வேணும். எங்க மூத்தவனுக்கு நீங்கதான் ஊதுனீங்க. அஞ்சு புள்ள, ஒண்ணுக்கும் ஒரு சளி புடிச்சதில்ல. சின்னவனுக்கும் அதையே ஊதிடுங்க."

திருநாவுக்கரசு தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"பல்லு வலிக்குது. ஊத முடியாது போலருக்கு."

புஷ்பவள்ளி வாயைத் திறக்கச் சொல்லி விரலால் அழுத்தினாள். "இதுவா?"

"இல்ல."

"இதுவா?"

"அதுவும் இல்ல."

"அப்ப வலி எங்க போயிருக்கு, பசாருக்கா? ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் ஊதிட்டு, பெத்த புள்ளைக்குன்னா பல்லு வலிக்குதோ? சம்பந்தியம்மா கேட்டா நான் என்ன சொல்ல?"

யாரிடமாவது சொன்னால்தான் ஆகும் என்ற நிலைமை. அவர் போனது அப்துல் அஜீஸ் வீட்டுக்கு. அப்துல் அஜீஸ் பாராக்கில் சார்ஜெண்டாக இருந்து, பிறகு கெடா பக்கம் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்றுத் திரும்பி வந்திருந்தார். கதையைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் சொங்கோக் தொப்பி மடியில் விழுந்தது.

"அதையா ஊதுனே? கல்யாணத்துலயா? இத்தனை வருஷமாவா? அல்லா! மாப்பிள்ளைங்க எல்லாம் உசுரோட இருக்கானுவளா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க பாய். போன வாரங்கூடப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"அதான் ஊரு ஊராச் சுத்துறியா நீ!" என்று அஜீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொப்பியை எடுத்து வைத்தார், முகம் மாறிவிட்டது. "இந்தா பாரு அரசு. மாத்தாவா இருந்த என் தம்பி காலராவுல போனப்ப நீதான் ஊதுனே. இன்னிக்கும் அது காதுல இருக்கு. ஊர்க்காரனுக்கு ஊதுனே, வேற வழி தெரியாம ஊதுனே, போவுது. பெத்த மவ தலைக்கு மேல அதை ஊதாதே லா. வேற ஊது."

"அவங்க அதைத்தான் கேக்குறாங்க பாய்."

"அவங்களுக்கு என்ன தெரியும்? சோத்து ஊதலை ஊதிட்டுப் போ. நல்ல சந்தோஷமான ஊதல். கேட்டாலே பசிக்கும். ஒண்ணு யோசிச்சியா? உன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாராக்கு பூரா வரும். நீ கடைசி ஊதலை எடுத்தேன்னு வச்சுக்க, அத்தனை பேரும் எந்திரிச்சுத் தலையக் குனிஞ்சு நிப்பானுங்க. அப்புறம் சம்பந்திக்கு என்ன பதில் சொல்லுவே?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. இத்தனை நாள் மகளை நினைத்து மட்டும் பயந்தவர், அன்றிலிருந்து மகளையும் நினைத்து, ஊரையும் நினைத்துப் பயந்தார். பல் கொஞ்சம் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

பாராக் குடியிருப்பின் முன்னால் பந்தல் போட்டுக் கல்யாணம். அஜீஸ் சொன்னபடியே பாராக் முழுவதும் வந்திருந்தது. தலைப்பாகைகள் இரண்டு வரிசை, சொங்கோக் இரண்டு வரிசை. முன்னால் பெரியகருப்பன் இரட்டைப் பேரன்களை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணவறையில் ஜெயலெட்சுமி. ரவிக்கைக் கையோரத்தில் புஷ்பவள்ளியின் கண்ணாடி மணிகள் மின்னின. தாலி தட்டில் வலம் போய் வந்து மாப்பிள்ளை கைக்கு ஏறியது. நாயனக்காரர்கள் வழக்கப்படி சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பிகிலுக்காகக் காத்தார்கள். ஐயர் திருநாவுக்கரசைப் பார்த்தார்.

திருநாவுக்கரசு பிகிலை எடுத்துச் சோற்று ஊதலை ஊதினார்.

நல்ல சந்தோஷமான ஊதல்தான், சந்தேகமில்லை. ஆனால் அஜீஸ் ஒன்றை யோசிக்க மறந்துவிட்டார். அந்த ஊதலைக் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்பதைப் பாராக் ஆட்களின் மூளை யோசிப்பதில்லை, கால்கள் யோசிக்கும். இரண்டு வரிசைத் தலைப்பாகையும் இரண்டு வரிசை சொங்கோக்கும் ஒருசேர எழுந்து, ஒழுங்காக வரிசை கட்டி, பந்திப் பந்தலைப் பார்த்து நடந்தன. அங்கே இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அலறினார்கள். "இன்னும் தாலியே கட்டலைய்யா! உக்காருங்கய்யா!"

மீனாட்சி மணவறை ஓரத்துக்கு வந்துவிட்டாள். "என்ன அண்ணே இது? இது வேற ஊதலாச்சே? எங்க மூத்த மருமவளுக்கு ஊதுனது இப்பிடியா இருந்துச்சு? அது கேட்டா அப்பிடியே கண்ணுல தண்ணி வரும். இதென்ன, குதிரைய வெரட்டுற மாதிரி? எங்களுக்கு மட்டும் மட்டமானதா?"

"யோவ் அரசு, என்னய்யா வெளாட்டு? நெசமானதை ஊது!" என்று பெரியகருப்பன் எட்டத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"முகூர்த்தம் போறது" என்றார் ஐயர், யாரையும் பார்க்காமல்.

சோமசுந்தரம் தாலியைப் பிடித்த கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தான். தாலி ஏறாமல் நேரம் தப்பினால் என்ன ஆகும் என்று திருநாவுக்கரசுக்குத் தெரியும். ஏறும்போது கடைசி ஊதலை ஊதினால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும் என்று நினைத்தார்.

"அப்பா" என்று ஜெயலெட்சுமி கூப்பிட்டாள். மணப்பெண் தலை நிமிர்ந்து பேசியதில் இரண்டு மூன்று பேர் வாயில் கை வைத்தார்கள். "இங்க வாங்க."

அவர் குனிந்தார்.

"இது சோத்து ஊதலாச்சே? ராத்திரி ஊதுவீங்களே, அதை ஊதுங்கப்பா. அதானே கல்யாணத்துக்கெல்லாம் ஊதுறது?"

"அது வேணாம்மா."

"ஏன்?"

இத்தனை வருஷம் பேசாமல் வைத்திருந்தது, மகளின் காதில் பூச்சரத்துக்கு நடுவே ஒரே மூச்சில் வெளியே வந்தது. "அது செத்தவங்களுக்கு ஊதுறதும்மா. குழியில இறக்கையில."

ஜெயலெட்சுமி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். சாயம் பூசிய உதடு சிரிக்கப் போனது, அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் குழியெல்லாம் நான் எங்கேப்பா பாத்தேன்? வீட்டுல இருந்த எனக்கும் அம்மாவுக்கும், அது நீங்க வேல முடிஞ்சு வர்ற சத்தம். அது கேட்டாத்தான் அம்மா கொழம்பை அடுப்புல வைக்கும். அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். தெனமும் எங்களுக்கு ஊதுனீங்க. என்னிக்கோ ஒருநாள் செத்தவங்களுக்கு ஊதுனீங்க. எது பெருசு? ஊதுங்கப்பா, இவரு கை வலிக்குது."

"அப்பனும் மவளும் என்ன ரகசியம் பேசுறீங்க?" என்றாள் மீனாட்சி.

"அப்பாவுக்குப் பல்லு வலி அத்தே. சரியாப்போச்சு."

திருநாவுக்கரசு மகள் சொன்னதை நம்பினாரா என்றால், பாதி நம்பினார். மீதிப் பாதியை நம்புவதற்கு முகூர்த்தத்தில் நேரம் இல்லை. நிமிர்ந்து நின்றார். பிகில் தானாக உதட்டுக்கு வந்தது.

கடைசி ஊதல் பந்தலைத் தாண்டி, பாராக் கூரைக்கு மேலே போய், நின்று, இறங்கியது. பந்திப் பந்தல் வாசலில் இருந்த மாத்தாக்கள் இருந்த இடத்திலேயே விறைத்து நின்றார்கள். ஒருவர் கையில் எடுத்த வாழையிலையோடு நின்றார். வரிசைக் கடைசியில் அப்துல் அஜீஸ் தலை குனிந்து நின்றார். தாடியில் கண்ணீர் வழிந்தது. மாத்தாக்கள் நிற்பதைப் பார்த்துப் பெரியகருப்பன் பேரன்களையும் இழுத்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து முன்வரிசை எழுந்தது. முன்வரிசை எழுந்தால் பின்வரிசைக்கு எதுவும் தெரியாது, அதுவும் எழுந்தது. கைப்பிள்ளைக்காரிகள்கூட நின்றார்கள்.

"பாத்தீங்களா?" என்று மீனாட்சி தன் கணவரின் விலாவில் இடித்தாள். "நம்ம புள்ள கல்யாணத்துக்குப் போலீசே எந்திரிச்சு நிக்குது! அந்தப் பாய் அழுவுறாரு பாருங்க, பாவம், எம்புட்டு நல்ல மனுஷன். மொதப் பந்தியில உக்கார வைங்க."

ஊதல் அடங்கியது. கெட்டிமேளம் வெடித்தது. சோமசுந்தரம் முடிச்சுப் போட்டான். அவ்வளவு நேரம் தூக்கியே வைத்திருந்ததில் கை மரத்து, முதல் முடிச்சு இரண்டாம் தடவைதான் விழுந்தது. அட்சதை பறந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள், பந்திக்கு இடம் பிடிக்க ஓடினார்கள்.

திருநாவுக்கரசு மட்டும் பிகிலை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஊதி முடித்தவன் மேலதிகாரி "டிஸ்மிஸ்" என்று போகச் சொல்லும்வரை அசையக்கூடாது என்பது பாராக் விதி. அன்றைக்கு அங்கே மேலதிகாரி யாரும் இல்லை. முகத்தில் கண்ணீரும் அட்சதை அரிசியுமாக அவர் நின்றதைப் புஷ்பவள்ளி பார்த்தாள். பந்தியைக் கவனிக்கிற அவசரத்தில் போய்விட்டாள்.

ஜெயலெட்சுமி மாலையும் கழுத்துமாக எழுந்து வந்து, புதுத் தாலி முன்னால் தொங்க, அவர் காலில் விழுந்து எழுந்தாள்.

"டிஸ்மிஸ்ப்பா" என்றாள். "போய்ச் சாப்புடுங்க."